முப்பது ஆண்டுகள் தின்ற உணவு பகையாவது எப்படி?

ராயபுரம் என்றவுடன் சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராயபுரம் உங்கள் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் நாம் இப்போது போகவேண்டியது திருப்பூர் ராயபுரத்துக்கு. பனியன் கம்பெனிகள், ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சல், மூட்டை மூட்டையாய்க் கட்டிங் வேஸ்ட் என்று திருப்பூருக்கே உரிய சூழல்.

சனிக்கிழமை அங்கே சம்பள நாள். நாற்பது வயதுள்ள ஒரு கட்டிங் மாஸ்டரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்கு மேசையருகே நின்றவர், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் நிமிர்கிறார். இடுப்புவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு வழியில் ஒரு கடையில் நான்கு பரோட்டா சாப்பிடுகிறார். ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாய் விரைகிறார். பஸ் ஏறிய சிறிது நேரத்தில் உள்ளங்கை அரிக்கத் தொடங்குகிறது. கழுத்திலும் மார்பிலும் தடிப்புத் தடிப்பாய் எழும்புகிறது. உதடு வீங்குகிறது. தொண்டையை யாரோ பிடிப்பது போல் இருக்கிறது, கண் இருட்டுகிறது.

“பரோட்டா ஒத்துக்கலீங்களா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் மாஸ்டர் என்ன சொல்வார்? “இருபது வருசமா தின்னுட்டுத்தானுங்க இருக்கேன்!” என்பார்.

மாஸ்டர் நம் கற்பனை மனிதர். அவருக்கு வந்த துன்பம் கற்பனை அன்று. மருத்துவ நூல்களில் பெயர் பெற்ற நோய் அது. அவர் சொன்ன பதிலில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குழந்தையாய் இருந்தபோது ஒத்துக்கொண்ட உணவு கடைசிவரை ஒத்துக்கொள்ளும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 40,000க்கு மேற்பட்ட வயது வந்தோரை விசாரித்து 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், உணவு ஒவ்வாமை உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஏதேனும் ஓர் உணவின் ஒவ்வாமையாவது வயது வந்த பிறகே தோன்றியிருந்தது. குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் பகையாவது பெரும்பாலும் வளர வளரத் தணிந்துவிடும். பெரியவர்களுக்கு இறால், நண்டு, மீன், கோதுமை, கொட்டை வகைகள் ஆகியவற்றால் வருவது எளிதில் போவதில்லை.

ஆகவே, இருபது ஆண்டுகள் நண்பனாக இருந்த பரோட்டா இருபத்தோராம் ஆண்டில் எப்படிப் பகைவனாகிறது என்று பார்ப்போம்.

முதல் சந்திப்பு சத்தமில்லாதது

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளமன்ஸ் வான் பிர்க்கே. தமிழில் அதை ஒவ்வாமை என்கிறோம். அந்தச் சொல் பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1921இல், ஜெர்மனியில் இருவர் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். அவர்களில் கியூஸ்ட்னர் என்பவருக்கு மீன் தின்றால் ஆகாது. அவருடைய குருதியிலிருந்து தெளிந்த நீரை எடுத்துத் தம் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டார் நண்பர் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனைத் தடையின்றித் தின்றுவந்த பிராஸ்னிட்ஸின் தோல், அந்த ஓர் இடத்தில் மட்டும் கொசு கடித்தாற்போல் தடித்துச் சிவந்தது. (இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, பிறர் குருதியால் வேறு நோய்களும் தொற்றும்.) ஒவ்வாமை மனப்பிரமை அன்று, குருதியில் மிதக்கும் ஏதோ ஒரு பொருள் என்பது அன்று உறுதியாயிற்று.

அந்தப் பொருள் எது என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகிய இருவரும் 1960களின் நடுவில் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்று பெயர் சூட்டப்பட்டது. சுருக்கமாக ஐ.ஜி.ஈ. என்பர். நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களில் அளவில் மிகக் குறைந்தது இது. ஆனால் ஆரவாரத்தில் முதலிடம் இதற்குத்தான்.

அது வேலை செய்யும் முறையைக் கவனியுங்கள். ஏதோ ஒரு புரதத்தை நம் தற்காப்பு அமைப்பு பகை என்று தவறாகக் கணித்துவிடுகிறது. உடனே ஒன்றும் நடப்பதில்லை. அந்தப் புரதத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஐ.ஜி.ஈ. மூலக்கூறுகள் தயாராகின்றன. தோலிலும், குடல் சுவரிலும், மூச்சுக் குழாய்களிலும் ‘மாஸ்ட் செல்’ என்ற உயிரணுக்கள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் இந்த மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. மாஸ்ட் செல்லின் உள்ளே ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் சிறுசிறு பொட்டலங்களாய்க் கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் அதே புரதம் மறுபடி வந்து, அடுத்தடுத்துள்ள இரண்டு ஐ.ஜி.ஈ. மூலக்கூறுகளைப் பாலம் போல் இணைத்துவிட்டால், பொட்டலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்கின்றன. தோலில் அவிழ்ந்தால் தடிப்பு. மூச்சுக் குழாயில் அவிழ்ந்தால் இளைப்பு. குடலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். உடல் முழுதும் ஒருசேர அவிழ்ந்தால் குருதிக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் சரிகிறது. உயிருக்கே ஆபத்தாய் முடியும் அந்நிலையை ‘அனபிலாக்சிஸ்’ என்கின்றனர்.

முதல் சந்திப்பில் சத்தமே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். ஆயத்தம் நடந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. பரோட்டாவைத் தின்றுகொண்டே இருப்பீர்கள்.

அப்படியானால் இத்தனை ஆண்டு தின்றபோது நடக்காத தவறான கணிப்பு நாற்பது வயதில் ஏன் நடக்க வேண்டும்? இங்கேதான் கடந்த சில பத்தாண்டு ஆராய்ச்சி நம் கண்ணைத் திறந்திருக்கிறது. வாய் வழியாக வரும் உணவை உடல் பொதுவாக விருந்தாளியாகவே ஏற்றுக்கொள்கிறது. குடல் அதற்கென்றே பழக்கப்பட்ட வாசல். அதே உணவுப் பொருள் கொல்லைப்புறமாக, அதாவது தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ நுழைந்தால், தற்காப்பு அமைப்பு அதைத் திருடன் என்று குறித்துக்கொள்ளக்கூடும். குறித்துக்கொண்ட பின் அது முன்வாசல் வழியாக மரியாதையாக வந்தாலும் அடிதான்.

சோப்பில் வந்த கோதுமை

இதற்கு ஜப்பானில் நடந்தது போல் வேறு சான்று வேண்டியதில்லை. அங்கே முகம் கழுவும் சோப்பு ஒன்று தபால் விற்பனையில் அமோகமாய்ப் போயிற்று. நுரையும் மென்மையும் தருவதற்காக அதில் சிதைக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. சில காலம் அந்தச் சோப்பைப் பயன்படுத்திய பெண்கள் பலருக்கு, ரொட்டியோ ‘உதோன்’ என்ற கோதுமை நூடுல்ஸோ சாப்பிட்டதும் கண்ணிமை வீங்கிற்று, மூச்சு முட்டிற்று. பிறந்தது முதல் கோதுமை தின்று வளர்ந்தவர்கள் அவர்கள்! 2011க்குள் சோப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் இந்த வகைக் கோதுமை ஒவ்வாமை 2,000க்கு மேற்பட்டோருக்கு உறுதி செய்யப்பட்டது. ஆறுதலான செய்தி, சோப்பை நிறுத்தியபின் பலருக்கு நாளடைவில் ஐ.ஜி.ஈ. அளவு குறைந்து கோதுமை மீண்டும் ஒத்துக்கொண்டது.

சோப்பு மட்டும்தானா? சோடாவும் டிடர்ஜெண்டும் பட்டு வெடித்த கைகளோடு நாள்தோறும் மீன் ஆய்பவர், மாவு பிசைபவர், காய்கறி நறுக்குபவர் ஆகியோரின் தோலும் திறந்த கதவுதான். சமையல் தொழிலாளர்களிடம், கையில் அரிப்பாகத் தொடங்கிப் பின்னர் தின்றாலே ஆகாது என்ற நிலைக்கு வந்தவர்களை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். கை வெடிப்புக்கு மருந்து போடுவது அழகுக்காக மட்டும் அன்று.

பூச்சிக்கடி இன்னொரு கொல்லைப்புற வழி. அமெரிக்காவில் செடக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை முதல்முறை செலுத்தியபோதே சில மாநிலங்களின் நோயாளிகள் மட்டும் மயங்கி விழுந்தார்கள். தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் என்ற பேராசிரியரின் குழு, ‘ஆல்ஃபா கால்’ என்ற சர்க்கரைக்கு எதிரான ஐ.ஜி.ஈ. அந்த நோயாளிகளிடம் முன்பே இருந்ததை 2008இல் காட்டிற்று. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியில் உள்ள சர்க்கரை அது. கோழியிலும் மீனிலும் கிடையாது. அதை உடலுக்குள் அறிமுகம் செய்துவைத்தது ஒருவகை உண்ணி. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பேராசிரியரே ஒருமுறை மலைக்காட்டில் நடந்து உண்ணிக்கடி பட்டார். தம் குருதியில் ஐ.ஜி.ஈ. ஏறுவதைத் தாமே அளந்துவந்தார். சில மாதங்கள் கழித்து லண்டனில் ஆட்டுக்கறி சாப்பிட்டுப் படுத்தவர், நள்ளிரவில் உடம்பெல்லாம் தடிப்போடு எழுந்தார். இந்த ஒவ்வாமை தின்ற உடனே வராமல் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து வருவதால், பலர் கறியைச் சந்தேகிப்பதே இல்லை.

மூச்சோடு போன கொத்தவரை

நூலும் துணியும் பிழைப்பாக உள்ள ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். துணித்தொழிலில் சமையலறைப் பொருள்கள் எத்தனை புழங்குகின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாவுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு பயன்படுகிறது. அச்சுக்கான சாயக் குழம்பைக் கெட்டியாக்கக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் ‘குவார்’ பசை பயன்படுகிறது. நாம் பொரியல் செய்து சாப்பிடும் அதே கொத்தவரைதான்.

பிரிட்டனில் ஒரு நெசவாலையில் புளியங்கொட்டை மாவுக் கஞ்சி புழக்கத்துக்கு வந்தபின் நெசவாளர்களிடையே இருமலும் இளைப்பும் பரவியதை 1957இல் மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ‘நெசவாளர் இருமல்’ என்றே அதற்குப் பெயர். கனடாவில் ஒரு கம்பளத் தொழிற்சாலையில் குவார் பசைத் தூளைச் சுவாசித்த தொழிலாளர்கள் சிலருக்கு ஆஸ்துமா வந்தது. அந்தப் பசைக்கு எதிரான ஐ.ஜி.ஈ.யும் அங்குள்ள சிலர் குருதியில் காணப்பட்டது. 1990இல் வெளியான ஆய்வு இது. குவார் பசை இன்று ஐஸ்கிரீமிலும் சேர்க்கப்படுகிறது. பனியனை மிருதுவாக்கும் ‘பயோ வாஷ்’ முறையில் பயன்படும் செல்லுலேஸ் என்ற நொதி, பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் புரதம். அதன் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கும் ஒவ்வாமை கண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கொத்தவரங்காயைக் கண்டு யாரும் நடுங்க வேண்டாம். மூச்சில் ஒவ்வாமை வந்தவர்கள் எல்லோருக்கும் தட்டிலும் வந்துவிடுவதில்லை. மாவுத் தூசியால் இளைக்கும் பேக்கரித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ரொட்டியைத் தாராளமாகத் தின்கிறார்கள். அடுப்புச் சூடும் செரிமானமும் பல புரதங்களின் உருவத்தைக் குலைத்துவிடுகின்றன. ஆனால் சில புரதங்கள் எந்தச் சூட்டுக்கும் அசைவதில்லை. அவற்றில் புகழ்பெற்றது இறாலில் உள்ளது.

நம் கடற்கரைகளில் பிடிபடும் வெள்ளை இறாலிலிருந்து, வேகவைத்தாலும் அழியாத ஒவ்வாமைப் புரதங்களைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பாராவ் குழுவினர் அமெரிக்க ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து பிரித்தெடுத்து 1989இல் வெளியிட்டனர். இறாலின் முதன்மையான ஒவ்வாமைப் பொருள் டிரோப்போமையோசின் என்ற தசைப் புரதமே என்று 1993இல் நிறுவியதும் அவர்களே. அதே புரதம் சிறு மாற்றங்களோடு கரப்பான் பூச்சியிலும், நம் பாய் தலையணைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணியிலும் இருக்கிறது. மதக் கட்டுப்பாட்டால் இறாலை வாயில் வைத்தே அறியாத யூதர்கள் சிலரின் குருதியைச் சோதித்தபோது, தூசிச் சிற்றுண்ணி ஒவ்வாமை உடைய அவர்களிடம் இறாலை அடையாளம் காணும் ஐ.ஜி.ஈ. இருந்தது. பரம்பரைச் சைவர் ஒருவருக்கு இறால் ஆகாது என்று குருதி சொல்வதைப் போன்ற வேடிக்கை அல்லவா இது! வீட்டுத் தூசியில் பல ஆண்டுகள் தும்மியவர்களில் சிலருக்கு ஒருநாள் இறால் குழம்பு பகையாவதன் மர்மம் இங்கே பாதி விளங்கிவிடுகிறது.

மீண்டும் மாஸ்டரிடம்

இப்போது பஸ்ஸில் சரிந்து கிடக்கும் நம் மாஸ்டரிடம் வருவோம். அவருக்கு வந்தது ‘உடலுழைப்போடு சேர்ந்த கோதுமை ஒவ்வாமை’. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்கு எதிராக அவரிடம் ஐ.ஜி.ஈ. உருவாகியிருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டு, உட்கார்ந்தே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்துக்குள், சில சமயம் நான்கு மணி நேரம் வரையிலும், ஓடினாலோ கடுமையாக உழைத்தாலோதான் வினை. உழைப்பின்போது குடலின் சுவர் வழக்கத்தைவிட எளிதில் கசியவிடுகிறது. சரியாகச் செரிக்காத புரதத் துண்டுகள் குருதியில் கலக்கின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இதையே செய்கின்றன. மதுவும் துணைபோகும். காய்ச்சல், தூக்கமின்மை, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள் ஆகியவையும் தாங்கும் எல்லையைத் தாழ்த்துகின்றன.

மாஸ்டரின் சனிக்கிழமையைத் திரும்பப் பாருங்கள். மைதா பரோட்டா நான்கு, வெறும் வயிற்றில் வலி மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பு, பஸ்ஸுக்கு ஓட்டம். ஒவ்வொன்றும் தனித்தனியே அவருக்குப் பலமுறை நேர்ந்தவைதான். எல்லாம் ஒரே இரவில் கூடியது இதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிறு வீட்டில் சப்பாத்தி தின்று திண்ணையில் படுத்திருப்பார், ஒன்றும் ஆகாது. “பாத்தீங்களா, பரோட்டா இல்லீங்க, அன்னைக்கு ஏதோ பித்தம்” என்று முடிவு கட்டிவிடுவார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ கம்பெனியிலிருந்து வெகுதூரத்தில், தனியாகச் சைக்கிளில் போகும்போது வந்தால்? இந்த நோயின் கொடுமை அதன் கடுமையில் பாதி; வருவதும் வராததுமாய் ஏமாற்றுவதில் மீதிப் பாதி.

கரப்பான் பண்டம்

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மில் எத்தனை பேர் கத்திரிக்காயைத் தள்ளிவைத்திருக்கிறோம்! “அது கரப்பான் பண்டம், தின்னா அரிக்கும்” என்பது நம் பாட்டிமார் வாக்கு. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்தவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார். 2008இல் வெளியான அவர்கள் ஆய்வில் 700க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். கத்திரிக்காய்க்கு ஏதோ ஒரு வகையில் எதிர்வினை காட்டியவர்கள் நூற்றுக்கு 9 பேர் அளவில் இருந்தனர். அவர்களில் பெண்கள் மிகுதி. ஆனால் ஐ.ஜி.ஈ. வழியாக வரும் உண்மையான ஒவ்வாமை நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். மற்றவர்களுக்கு அரித்ததும் பொய்யன்று. கத்திரிக்காயிலேயே இயற்கையாக ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் உள்ளன. அவை நேரடியாகவே நாக்கையும் தோலையும் உறுத்துகின்றன. பாட்டி கண்டது சரி. அதற்கு ஒவ்வாமை என்று பெயர் வைத்தால்தான் தவறு. இந்த அரிப்பு தொல்லை தருமே தவிர, அனபிலாக்சிஸில் கொண்டுபோய் விடுவதில்லை.

இதே ஹிஸ்டமின் இன்னோர் இடத்திலும் நம்மை ஏமாற்றும். கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள திருப்பூர் போன்ற ஊர்களுக்கு மீன் ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் வழியில் ஐஸ் உருகிச் சற்று வெப்பத்தில் கிடந்தால், அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தின்றவர் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு எழும். இது மீனின் கெடுதலே ஒழிய உங்கள் உடலின் பகை அன்று. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வீட்டில் அந்தக் குழம்பைத் தின்ற மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேளுங்கள். ஒவ்வாமை ஒருவரைத்தான் பிடிக்கும்.

பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது என்பவர்களில் மிகப் பலருக்கு இருப்பது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியின் குறைவு. அதுவும் ஒவ்வாமை அன்று. மோருக்கும் தயிருக்கும் அவ்வளவு தொல்லை இராது. வயது வந்தவர்களை மட்டும் ஏமாற்றும் இன்னொன்றும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரை சாப்பிடுவோரில் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின்கூட, திடீரென்று உதடும் நாக்கும் வீங்கும். அன்று சாப்பிட்ட குழம்பின் மேல் பழி போகும். குற்றவாளி மருந்துப் பெட்டியில் இருக்கும். அப்படி வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

உண்மையான ஒவ்வாமை நம் பக்கத்தில் எவ்வளவு? ஐரோப்பிய நாடுகள் துணைநின்ற ஒரு பெரிய ஆய்வின் பகுதியாக, கர்நாடகத்தில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரிடம் விசாரணை நடந்தது. மைசூர் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி.ஏ. மகேஷும் பிறரும் 2016இல் வெளியிட்ட முடிவு இது: குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. உடையவர்கள் நூற்றுக்கு 26.5 பேர், அதே உணவைத் தின்றபோது உண்மையிலேயே ஒவ்வாமைத் தொல்லையும் கண்டவர்கள் நூற்றுக்கு 1.2 பேர்தான். முதலிடத்தில் நின்றவை பசும்பாலும் ஆப்பிளும். மேல்நாட்டில் பெரிதும் அஞ்சப்படும் நிலக்கடலை இங்கே முன்வரிசையில் இல்லை.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மனத்தில் இருத்துங்கள். ஆயிரம் பேரைச் சோதித்தால் 265 பேரின் குருதி ‘ஆகாது’ என்று சொல்லும். உண்மையில் ஆகாதவர்கள் 12 பேர். எனவே தொல்லை எதுவும் இல்லாமல், நூறு உணவுகளுக்கு மொத்தமாகச் சோதிக்கிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினால், பட்டியல் நீளமாக வரும்; தட்டு காலியாகும். ஐ.ஜி.ஜி. என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளந்து உணவைத் தடைசெய்யும் சோதனைகள் இன்னும் மோசம். அந்த உணவை நீங்கள் தின்று பழகியிருக்கிறீர்கள் என்பதை மட்டுமே அவை காட்டும். ஏற்கெனவே சத்துக் குறைவாகச் சாப்பிட்டு ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் ஒரு பெண்ணிடம் பால், முட்டை, கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது மருத்துவம் ஆகாது.

அந்தப் பத்து நிமிடங்கள்

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோலில் தடிப்பும், அத்துடன் மூச்சுத் திணறல், குரல் கம்மல், தொடர்ந்த வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்து வந்தால், அது காத்திருந்து பார்க்கும் நேரம் அன்று. இத்தகைய நிலையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். வயது வந்தோருக்கு வழக்கமான அளவு அரை மில்லிகிராம். தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போட வேண்டும். தளர்ந்த குருதிக் குழாய்களை அது இறுக்கும், சுருங்கிய மூச்சுக் குழாய்களை விரிக்கும். விலை மலிவான, அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்க வேண்டிய அத்தியாவசிய மருந்து அது. நமக்குப் பழக்கமான ஏவில், சிட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைத்தான் தணிக்கும். சரியும் இரத்த அழுத்தத்தையோ அடைக்கும் தொண்டையையோ அவை தாங்கிப் பிடிப்பதில்லை. “ஒரு ஏவில் போட்டுப் படு, காலையில் பார்ப்போம்” என்ற சொல்லால் போன உயிர்கள் உண்டு.

108க்குச் சொல்லிவிட்டு, ஆளைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறவர் உட்கார விரும்பினால் கால்களை நீட்டி உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். படுத்திருந்தவர் திடீரென்று எழுந்த நொடியில் இதயம் நின்றுபோன நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. தண்ணீர், சோடா, மோர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். ஊசி போட்டுச் சரியான பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். தணிந்தது மறுபடி கிளம்புவதுண்டு.

பிழைத்து வந்தபின் மருத்துவர் உங்களிடம் கேட்கப்போவது ஊசியையும் குருதியையும் விட முக்கியமான ஒன்று: அன்று நடந்தது என்ன? அதை நினைவிலிருந்து சொன்னால் பாதி விட்டுப்போகும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன தின்றீர்கள், எத்தனை மணிக்கு, கூடவே என்ன மாத்திரை, குடித்திருந்தீர்களா, எவ்வளவு நேரம் கழித்து முதல் அரிப்பு, அதற்கு முன் ஓடினீர்களா, மூட்டை தூக்கினீர்களா, கூடத் தின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கம்பெனியில் புதிதாக ஏதேனும் பொடியோ பசையோ கையாளத் தொடங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டுதான், எந்த உணவுக்குத் தோல் குத்துச் சோதனை செய்வது என்று ஒவ்வாமை மருத்துவர் தீர்மானிப்பார். சந்தேகம் தீராவிட்டால் அவர் தம் கண்ணெதிரே, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே உணவைச் சிறிது சிறிதாகத் தின்னச் சொல்லிப் பார்ப்பார். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவே கூடாது.

நம் மாஸ்டர் அப்படி ஒரு நோட்டு எழுதியிருந்தால், நான்காம் பக்கத்திலேயே விஷயம் வெளிப்பட்டுவிடும். பரோட்டா தின்றும் வராத நாட்களில் அவர் ஓடவில்லை; ஓடியும் வராத நாட்களில் பரோட்டா தின்னவில்லை. ஒமேகா-5 கிளையடினுக்கான குருதிச் சோதனை அதை உறுதி செய்யும். கோதுமையை அறவே விடுவதா, அல்லது கோதுமை தின்ற பின் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கடும் உழைப்பையும் வலி மாத்திரையையும் தவிர்ப்பதா என்று மருத்துவர் அவரோடு பேசி முடிவு செய்வார். ஒன்றரை ஷிப்ட் உள்ள நாட்களில் அவர் இரவுச் சாப்பாடு இட்லியாக இருக்கும். இடுப்புவலிக்கு எந்த மாத்திரை ஆகாது என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பக்கத்து மேசைக்காரரிடமும் அதைச் சொல்லி வைத்திருப்பார்.